மதம் மாறாமல் மணமுடிக்க...

யானைமலை தெரியும் தூரத்தில் வளர்ந்த இருவர். ஒரு வீட்டில் பொங்கல், மறு வீட்டில் ரம்ஜான். மதுரை ஒத்தக்கடைக் காதலர்கள் கவனிக்க வேண்டியவை:

● இந்துவும் முஸ்லிமும் அவரவர் மதத்திலேயே இருந்து மணக்க, 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டமே வழி. இந்து திருமணச் சட்டத்தின் சுயமரியாதைத் திருமணப் பிரிவு இந்துக்களுக்கு மட்டுமே.

● மணமகனுக்கு 21, மணமகளுக்கு 18 வயது நிரம்ப வேண்டும். மனு கொடுக்கும் முன் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். முகவரிச் சான்றைத் தயாராக வையுங்கள்.

● உங்கள் மனு பற்றிய அறிவிப்பு, திருமண அலுவலரின் அலுவலகப் பலகையில் ஒட்டப்படும். ஆட்சேபணை வருகிறதா என்று 30 நாள் காத்திருக்க வேண்டும். பலகையில் பார்த்த சேதி டீக்கடை வழியாக வீட்டுக்குப் போவதைவிட, அம்மாவிடம் நீங்களே முதலில் சொல்வது நல்லது.

● ‘எங்களுக்குப் பிடிக்கவில்லை’ என்பது சட்டப்படி ஆட்சேபணை ஆகாது. வயதுக் குறைவு, முந்தைய திருமணம் இன்னும் நீடிப்பது போன்றவையே செல்லும்.

● மனு கொடுத்த 3 மாதத்துக்குள் திருமணம் முடிய வேண்டும். தவறினால் மறுபடி மனு. சாட்சிக்கு 3 பேர் தேவை.

● மிரட்டல் வந்தால் 112, பெண்களுக்கு 181. பாதுகாப்பு கேட்டு மனு செய்ய, மேலூர் சாலையிலேயே உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இருக்கிறது.

● இந்து ஒருவர் வேறு மதத்தவரை இச்சட்டப்படி மணந்தால், கூட்டுக் குடும்பத்திலிருந்து பிரிந்தவராகக் கருதப்படுவார். சொத்து பற்றி வக்கீலிடம் முன்பே கேளுங்கள்.

● பிள்ளைக்கு என்ன பெயர், அடுப்பில் என்ன வேகலாம், இறந்தால் எரிப்பதா புதைப்பதா? மாலை மாற்றும் முன்பே பேசி முடியுங்கள்.