பென்ஷன் கார்டு அலமாரியில், கைக்காசு கவுண்டரில்

அரசாங்க வார்டுகளில் பல்லாண்டு நின்று ஓய்வுபெற்ற தாதி அவர். வாசகர்களுக்கு வெறும் ‘மிஸ்ஸி’. குனோங் ராபாட் வட்டாரக் கடிதங்களுக்கு அவருடைய இம்மாதப் பதில்கள்.

கேள்வி: அப்பா ஜே.கே.ஆரில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். இருதய நோயாளி. பென்ஷன் கார்டும் இருக்கிறது, பிள்ளைகள் கட்டிவரும் மருத்துவ அட்டையும் இருக்கிறது. எதை முதலில் நீட்டுவது?

பதில்: பென்ஷன் கார்டை. இந்தக் கேள்வி வந்தால் மட்டும் மிஸ்ஸிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

அரசாங்க ஓய்வூதியருக்கும் அவர் மனைவிக்கும் அரசாங்க மருத்துவமனையில் சிகிச்சை இலவசம். அங்கே இல்லாத மருந்தோ கருவியோ தேவை என்று அங்குள்ள நிபுணர் சான்று எழுதினால், அந்தச் செலவுக்கும் பொதுச் சேவைத் துறையிடம் விண்ணப்பிக்கலாம். வெயிலில் தார் ஊற்றிச் சம்பாதித்த உரிமை அது! அதை அலமாரியில் பூட்டிவிட்டு, பெருமைக்காகத் தனியாருக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அட்டையின் வருட வரம்பு கரைந்த பிறகுதான் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை நினைவுக்கு வருகிறது. அங்கே பெரியவர் பெயரில் ஒரு கோப்புகூட இராது. எந்த மருந்தை எப்போது மாற்றினார்கள், கடைசி எக்கோ என்ன சொன்னது, எல்லாம் முதலிலிருந்து. தானாகப் போய்ப் படுத்த தனியார் மருத்துவமனையின் பில்லைத் துறையிடம் நீட்டினால் அது நடக்காது.

ஆயுள் முழுக்கத் தொடரும் ரத்தக் கொதிப்பு, இனிப்பு நீர், இருதயம் இவற்றுக்கு அரசாங்கம். காத்திருக்க முடியாத அறுவைச் சிகிச்சைக்கு அட்டை. வரிசை இதுதான்.

கேள்வி: இரண்டு மருத்துவ அட்டை இருந்தால் ஒரே பில்லுக்கு இரண்டிலும் பணம் வாங்கலாமா?

பதில்: முடியாது. ஒன்று கொடுத்தது போக மீதி இருந்தால்தான் மற்றது.

கேள்வி: கணவர் போய்ச் சேர்ந்ததும் மனைவிக்கு இலவச சிகிச்சை போய்விடுமாமே?

பதில்: யார் கிளப்பிய புரளி? கணவரின் ஓய்வூதியம் மனைவிக்கு வரும்போது சிகிச்சைச் சலுகையும் கூடவே வரும். கார்டை மட்டும் மாற்றிக்கொள்ளட்டும்.

கேள்வி: அம்மா தோட்டத்தில் மரம் வெட்டியவர், வயது 67. பென்ஷன் கிடையாது, சேமநிதிப் பணமும் தீர்ந்துவிட்டது. கண்புரைக்கு லென்ஸ் வைக்கச் சொல்கிறார்கள்.

பதில்: கலங்க வேண்டாம். 60 வயதைத் தாண்டியவருக்கு அரசாங்கக் கிளினிக்கில் 1 வெள்ளிப் பதிவுக் கட்டணமும் இல்லை. தோட்டத்து ஆஸ்பத்திரியும் டிரெஸரும் தோட்டத்தோடு போனார்கள். ஆனால் 2019-இல் குறைந்த வருமானத்தினருக்கான பெக்கா பி40 திட்டம் வந்தது. எஸ்.டி.ஆர் உதவித்தொகை பெறுபவரும் அவர் துணையும் 40 வயதிலிருந்தே தகுதி பெறுகிறார்கள். தனியாகப் பதியத் தேவையில்லை. உடல் பரிசோதனை இலவசம். அரசாங்க மருத்துவமனையில் பொருத்தும் கருவிகளுக்கு 20,000 வெள்ளி வரை உதவி உண்டு. கண் லென்ஸும் அதில் அடக்கம். அம்மாவின் ஐசியோடு போய் மருத்துவமனையில் கேளுங்கள்.

கேள்வி: வயது 63. பிரீமியம் தாறுமாறாக ஏறிவிட்டது. பாலிசியை நிறுத்திவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். மருத்துவச் செலவைக் காட்டி ஏற்றும் பிரீமியத்தைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பிரித்துத்தான் ஏற்ற வேண்டும் என்று 2024 டிசம்பரில் பேங்க் நெகாரா அறிவித்தது. 60 தாண்டி, மிகக் குறைந்த திட்டத்தில் இருப்பவர்களுக்கு ஓராண்டு உயர்வே கூடாது என்றது. ஏஜெண்டைப் பிடித்து, சின்னத் திட்டத்துக்கு இறங்க முடியுமா என்று கேளுங்கள். ஒருமுறை விட்டுவிட்டால், இருக்கிற நோயைச் சொல்லியே புதிதாகக் கொடுக்க மறுப்பார்கள்.

கேள்வி: மாத்திரைக்காக மட்டும் மாதாமாதம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க் கார் நிறுத்த இடம் தேட வேண்டுமா?

பதில்: வேண்டாம். மருந்துக் கவுண்டரில் ‘எஸ்.பி.யு.பி’ என்று சொன்னால் போதும். அடுத்த மாத மருந்தைக் குனோங் ராபாட் சுகாதாரக் கிளினிக்கிலேயே வாங்கிக்கொள்ளலாம். மருந்துச் சீட்டையும் ஐசியையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.