பயணக் காப்பீடு: சொல்லும் பொருளும்

நுழையும்முன்

வான்வழிப் பயணம் இன்று எளிதாகிவிட்டது. ஆயினும், இயற்கை சீறும்போது வானூர்திகள் தரையிலேயே நிற்க நேர்கிறது. அவ்வேளையில் பயணியின் பணஇழப்பை ஈடுசெய்ய உதவுவது பயணக் காப்பீடு. அவ்வீட்டைப் பெறுவதற்கு ஒப்பந்தத்தின் சொற்களை அறிந்திருத்தல் இன்றியமையாதது.

வானை மூடிய சாம்பல்

2010ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், ஐசுலாந்தில் பனிமூடிய எய்யாபியாட்லயோகுட்ல் எரிமலை வெடித்துச் சாம்பலை உமிழ்ந்தது. எரிமலைச் சாம்பல் விறகு எரிந்த சாம்பல் போன்றதன்று. நுண்ணிய பாறைத் துகள்களும் கண்ணாடித் துகள்களும் கலந்தது. அது வானூர்தி இயந்திரத்தின் வெப்பத்தில் உருகி, உட்புறம் படிந்து, இயக்கத்தையே நிறுத்திவிடக்கூடும். ஆகவே, ஐரோப்பிய நாடுகள் பல தம் வான்வெளியை ஏறத்தாழ ஆறு நாள்கள் மூடின. ஏறக்குறைய ஓர் இலட்சம் வானூர்திகளின் பயணம் கைவிடப்பட்டது; ஏறத்தாழ ஒரு கோடிப் பயணிகள் இடருற்றனர்.

ஒரு சொல்லால் எழுந்த சிக்கல்

காப்பீடு எடுத்திருந்தோர் இழப்பீடு கோரினர். பிரித்தானியாவில் பல ஒப்பந்தங்கள், 'மோசமான வானிலை'யால் பயணம் தடைப்பட்டால் ஈடு உண்டு என்றே கூறின. எரிமலைச் சாம்பல் வானிலையைச் சார்ந்ததா? ஆம் எனக் கொண்டு சில நிறுவனங்கள் பணம் வழங்கின. அன்று எனச் சில மறுத்தன. ஒரே நிலையத்தில் ஒரே இரவைக் கழித்த இருவருள் ஒருவர் ஈடு பெறவும், மற்றவர் வெறுங்கையுடன் திரும்பவும் இச்சொல்லே காரணமாகலாம். எரிமலை வெடித்த செய்தி பரவிய பின்னர்க் காப்பீடு எடுத்தோருக்கு அவ்விடருக்கான பயன் கிட்டவில்லை. காப்பீடு வரக்கூடிய இடருக்கே உரியது. வந்துவிட்ட இடருக்கு உரியதன்று.

கோரும் முறை

இத்தகைய இடர் நமக்கும் புதிதன்று. 2015 டிசம்பரில் சென்னை வானூர்தி நிலையத்தின் ஓடுபாதையை வெள்ளம் சூழ்ந்தபோது, சில நாள்கள் அங்கு வானூர்திப் போக்குவரத்து நின்றது. அத்தகைய வேளையில் பயணி செய்ய வேண்டுவன யாவை?

முதலாவதாக, காப்பீட்டு நிறுவனத்திற்கு உடனே தெரிவித்தல் வேண்டும். அடுத்து, பயணம் கைவிடப்பட்டதையும் அதற்கான காரணத்தையும் குறிப்பிடும் சான்றினை வானூர்தி நிறுவனத்திடம் எழுத்து வடிவில் பெறுதல் வேண்டும். உணவு, தங்குமிடம் ஆகியவற்றிற்கான பற்றுச்சீட்டுகளைப் பேணுதல் வேண்டும். பயணச்சீட்டுக் கட்டணத்தை வானூர்தி நிறுவனம் திருப்பித் தந்திருப்பின், அதனை மறைத்தல் கூடாது. ஓர் இழப்பிற்கு இருமுறை ஈடு பெற இயலாது.

கோரிக்கை மறுக்கப்படின், காரணத்தை எழுத்தில் கேட்டு, நிறுவனத்திடமே முதலில் முறையிட வேண்டும். ஒரு மாதத்திற்குள் விடை வாராவிடினும், வந்த விடை நிறைவளிக்காவிடினும், காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

இடரை நம்மால் தடுக்க இயலாது. ஒப்பந்தத்தைக் கையொப்பமிடுமுன் படிக்க இயலும். எவை ஏற்கப்படும் என்பதோடு எவை விலக்கப்படும் என்பதையும் படித்தறிபவரே காப்பீட்டின் முழுப்பயனைப் பெறுவர்.

கற்பவை கற்றபின்

1. காப்பீட்டு ஒப்பந்தம் ஒன்றனைப் பெற்று, அதன் விலக்குகளைத் தொகுத்து எழுதுக.
2. 'எரிமலைச் சாம்பல் வானிலையே' என்னும் பொருளில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.