கார் மோட்டாரில் காந்தத்தை ஏன் புதைக்கிறார்கள்?

கேள்வி: பழுதான பி.எல்.டி.சி. சீலிங் ஃபேனைப் பிரித்துப் பார்த்தேன். சுழலும் கூட்டின் உட்பரப்பில் காந்தங்கள் வெளியே தெரியும்படி ஒட்டியிருந்தன. மின்சாரக் கார் மோட்டாரின் குறுக்குவெட்டுப் படத்திலோ அவை இரும்புக்குள் புதைந்திருக்கின்றன. கம்பிச்சுருளுக்குப் பக்கத்தில் இருந்தால்தானே காந்தத்தின் பலம் முழுதாகக் கிடைக்கும்? ஏன் உள்ளே வைக்கிறார்கள்?
– கோவை வாசகர்

பதில்: உங்கள் சந்தேகம் மோட்டார் வடிவமைப்பாளர்களும் தொடங்கும் இடம்தான். காந்தம் பரப்பில் இருந்தால் அதன் புலம் கூடுதலாகப் பயன்படும் என்பது சரியே. புதைத்தால், விளிம்பில் உள்ள மெல்லிய இரும்புப் பாலங்கள் வழியே புலத்தில் ஒரு பகுதி சுற்றி வந்து வீணாகும். தெரிந்தே இந்த இழப்பை ஏற்கிறார்கள்.

வேகத்தில் காந்தம் பிய்ந்து பறக்காமலிருக்கத்தான் புதைக்கிறார்கள் என்று பலரும் சொல்வார்கள். அந்த நன்மை உண்டு. ஆனால் அது முக்கியக் காரணம் அல்ல. பரப்பில் ஒட்டிய காந்தங்களைக் கார்பன் இழை உறையால் இறுக்கிக் கட்டவும் வழியிருக்கிறது. உண்மையான காரணங்கள் இரண்டு.

முதலாவது, இரும்பையும் வேலை வாங்குவது. நியோடிமியம் காந்தம் வலிமையானதுதான். ஆனால் வெளியிலிருந்து வரும் காந்தப்புலத்துக்கு அது கிட்டத்தட்ட காற்றைப் போலத்தான். புலத்தை எளிதில் கடத்துவது இரும்பு. காந்தங்களைப் பரப்பில் சீராக ஒட்டினால், ரோட்டார், அதாவது சுழலும் பாகம், எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இருக்கும். உள்ளே புதைத்தால் ஒரு திசையில் காந்தம் குறுக்கே நிற்கும். இன்னொரு திசையில் இரும்பு தடையின்றி ஓடும். ஸ்டேட்டர் என்பது கம்பிச்சுருள்கள் உள்ள, சுழலாத பாகம். அதன் புலம் சுழலும்போது, எளிய பாதை தனக்கு நேராக வரும்படி ரோட்டாரை இழுக்கும். இப்படிக் கிடைக்கும் திருப்புவிசைக்கு ரிலக்டன்ஸ் டார்க் என்று பெயர். காந்தம் தரும் திருப்புவிசையோடு இதுவும் சேர்வதால் குறைந்த காந்தமே போதும். நியோடிமியமும், சூட்டைத் தாங்க அதனுடன் சேர்க்கும் டிஸ்ப்ரோசியமும் விலை கூடியவை என்பதால் இது பெரிய ஆதாயம்.

இரண்டாவது, வேகம். காந்தம் சுழலும்போது சுருளில் ஓர் எதிர் மின்னழுத்தம் பிறக்கும். வேகம் ஏற ஏற அதுவும் ஏறும். அது பேட்டரியின் அழுத்தத்தை எட்டிவிட்டால், மோட்டாருக்குள் மேலும் மின்னோட்டத்தைச் செலுத்த முடியாது. அப்போது ஸ்டேட்டர் வழியே ஓர் எதிர்ப்புலம் உண்டாக்கி, காந்தத்தின் புலத்தைத் தணிக்க வேண்டும். இதைப் புலத் தளர்த்தல் என்பார்கள். பரப்பு வகையில், காற்று இடைவெளியோடு காந்தத்தின் தடிமனும் எங்கும் குறுக்கே இருப்பதால், இதற்கு நிறைய மின்னோட்டம் செலவாகும். புதைத்த வகையில் அடக்க வேண்டிய காந்தப்புலமே குறைவு. குறைந்த மின்னோட்டத்தில் வேலை முடியும். அந்த மின்னோட்டம் ரிலக்டன்ஸ் டார்க்குக்கும் துணையாகிறது.

டொயோட்டா ப்ரியஸ் இதற்கு நல்ல சான்று. 2003-இல் வந்த இரண்டாம் தலைமுறைக் காரில் மோட்டாரின் உச்ச வேகம் நிமிடத்துக்கு 6,000 சுற்று. 2009-இல் வந்த மூன்றாம் தலைமுறையில் 13,500. இரண்டிலும் காந்தங்கள் ‘வி’ வடிவில் புதைக்கப்பட்டவை. டெஸ்லாவும் 2012-இல் மாடல் எஸ் காரைக் காந்தமே இல்லாத இண்டக்‌ஷன் மோட்டாருடன் தொடங்கி, 2017-இல் மாடல் 3-க்குப் புதைத்த காந்தத்தைத் தேர்ந்தெடுத்தது.

அப்படியானால் உங்கள் ஃபேனைச் செய்தவர் தவறு செய்தாரா? இல்லை. சீலிங் ஃபேன் நிமிடத்துக்குச் சுமார் 350 சுற்றுதான் சுற்றுகிறது. புலத் தளர்த்தல் அதற்குத் தேவையே இல்லை. கூடு வெளியே சுழல்வதால், சுழலும் வேகமே காந்தத்தைக் கூட்டோடு சேர்த்து அழுத்தும். விலை குறைந்த ஃபெரைட் காந்தமே போதும், செய்வதும் எளிது. ஸ்கூட்டர் சக்கரத்துக்குள் இருக்கும் ஹப் மோட்டாரும் பெரும்பாலும் இதே வகைதான்.

ஆகவே, இரண்டு மோட்டார்களை ஒப்பிடும்போது காந்தத்தின் பலத்தை மட்டும் கேட்காதீர்கள். எந்த வேகம் முதல் எந்த வேகம் வரை அது உழைக்க வேண்டும் என்பதை முதலில் கேளுங்கள். காந்தத்தின் இடத்தைத் தீர்மானிப்பதில் அதற்கே பெரும்பங்கு.