கடலையில் ஒளிந்திருக்கும் பூஞ்சை நஞ்சு

1960ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டுப் பண்ணைகளில் சில மாதங்களுக்குள் ஏறத்தாழ ஓரிலட்சம் வான்கோழிகள் மடிந்தன. காரணம் விளங்காமையால் 'வான்கோழி எக்ஸ் நோய்' எனப் பெயரிட்டனர். ஆராய்ந்தபோது, பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் பிண்ணாக்கே அவற்றுக்கு எமனாயிற்று என்பது தெளிந்தது. அதில் வளர்ந்திருந்த ஆஸ்பர்ஜில்லஸ் பிளேவஸ் என்னும் பூஞ்சையின் பெயரைச் சுருக்கி, அது சுரக்கும் நஞ்சை அஃப்ளாடாக்சின் என்றழைத்தனர்.

மாந்தரும் இதற்குத் தப்பினாரல்லர். 1974ஆம் ஆண்டின் இறுதியில் இராஜஸ்தான், குஜராத் மாநிலங்களின் பழங்குடிச் சிற்றூர்களில், மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தை உண்டவர்களுள் 106 பேர் காமாலையுற்று இறந்தனர். வறியோர்க்கு அதனையன்றி வேறு உணவில்லை. சிறிது சிறிதாகப் பல்லாண்டு உட்செல்லினும் இந்நஞ்சு கல்லீரலில் புற்றுநோயை விளைவிக்கும்; ஹெப்படைடிஸ்-பி தொற்றுடையோர்க்கு இடர் பன்மடங்கு மிகும்.

வறுத்தால் கேடு நீங்கிவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். அன்று. வறுக்குங்கால் மடிவது பூஞ்சையே. அது விட்டுச்சென்ற நஞ்சு 250 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்திலேதான் முற்றும் சிதையும். நம் அடுப்பில் கொதிக்கும் நீர் 100 பாகையைத் தாண்டுவதில்லை. கழுவினாலும் போகாது.

ஆயினும் ஒரு வாய்ப்பு உண்டு. ஒரு மூட்டைக் கடலையிலுள்ள நஞ்சின் பெரும்பகுதி சில பருப்புகளிலேயே செறிந்திருக்கும். சுருங்கியவை, நிறம் மாறியவை, பூச்சி துளைத்தவை, முளைவிட்டவை ஆகியவற்றைப் பொறுக்கி நீக்கினால் நஞ்சு பெரிதும் குறையும். மெல்லும்போது கசந்தால் உமிழ்ந்துவிடுக.

வந்தவாசி, திண்டிவனம் பகுதிகளில் மணிலா பயிரிடும் குடும்பத்தார் அறுவடைக்குப்பின் காய்களை நன்கு உலர்த்துதல் இன்றியமையாதது. பருப்பின் ஈரம் நூற்றுக்கு 7 பங்கிற்கு மிகாதிருப்பின் பூஞ்சை வளராது. குலுக்கினால் பருப்பு ஓட்டினுள் கலகலவென ஒலித்தல் வேண்டும். மூட்டைகளை வெறுந்தரையில் வையாது மரச்சட்டத்தின்மேல் அடுக்குக.

நல்லதைச் சந்தைக்கு அனுப்பிவிட்டுக் கழித்ததைச் செக்கிலிடும் வழக்கம்தான் எனக்கு அச்சம் தருகிறது. ஆட்டும்போது நஞ்சில் சிறு பகுதி எண்ணெயிலும், பெரும்பகுதி பிண்ணாக்கிலும் தங்கும். அப்பிண்ணாக்கைத் தின்னும் பசுவின் பாலில் அந்நஞ்சு சற்று உருமாறி வெளிப்படும். அப்பாலையே நம் குழந்தைகள் பருகுகின்றனர். தீவனத்தை நிறுத்திய சில நாட்களில் பால் தூய்மையுறும். ஆதலின் கழித்த பருப்பை மாட்டுக்கும் இடாது, மனிதரும் தின்னாது, மண்ணில் ஆழப் புதைத்துவிடுக.