கூலிச் சீட்டு இல்லாத நெசவாளி

கேள்வி: பட்டுத்தறியில் கூலிக்கு நெய்துவந்த என் கணவர் (38), கார் மோதி இறந்துவிட்டார். சம்பளச் சான்று எதுவுமில்லை. இழப்பீடு கிடைக்குமா?
– வாசகி, பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்

பதில்: கிடைக்கும், அம்மா. கூலி வரவு எழுதிய நோட்டு, வங்கிப் பாஸ்புக், கூலி கொடுத்தவரின் சாட்சியம் எல்லாமே ஆதாரம்தான். 2017-இல் பிரணய் சேத்தி வழக்கில் உச்ச நீதிமன்றம், 40 வயதுக்குட்பட்ட சுயதொழில் செய்வோருக்கும் நிலையான சம்பளக்காரர்களுக்கும் வருமானத்தோடு 40 சதவீதம் கூட்டச் சொன்னது. அதில் உங்கள் கணவரின் சொந்தச் செலவைக் கழித்து, ஆண்டுத் தொகையை 15-ஆல் பெருக்குவார்கள். இது சலுகையல்ல, உங்கள் உரிமை.

ஓட்டுநர் மீதான குற்றவழக்கு முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நீங்கள் வசிக்கும் ஊரிலேயே, மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு செய்யலாம். சமரசம் என்று யார் தாளை நீட்டினாலும் வழக்கறிஞரிடம் காட்டாமல் கையெழுத்திட வேண்டாம். விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனுவைத் தாக்கல் செய்துவிடுங்கள்.