அளவெட்டிக் கரப்பந்தாட்டப் பிள்ளைக்கு



உமது கடிதம் கிடைத்தது. படையணி ஒன்றின் பெண்கள் கரப்பந்தாட்ட அணிக்கு ஆள் எடுக்கிறார்கள், தேர்வுக்கு வரச்சொல்லியிருக்கிறார்கள், போவதா விடுவதா என்று கேட்டிருந்தீர். அம்மா ஒன்றும் பறையாமல் இருக்கிறா, அப்பா சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு எழும்பிப் போகிறார் என்றும் எழுதியிருந்தீர். போம் என்றும் சொல்லமாட்டேன், நில்லும் என்றும் சொல்லமாட்டேன். ஆனால் அப்படியொரு கேள்வி உமக்கு ஏன் வந்தது என்று கதைக்க வேண்டும். இதே கேள்வியோடு வேறு பிள்ளைகளும் இருப்பார்கள் என்பதால் பகிரங்கமாகவே எழுதுகிறேன்.

1916-இல் கொழும்பு வை.எம்.சி.ஏ. உடற்பயிற்சி இயக்குநர் றொபேட் வால்ரர் கமாக் இந்த ஆட்டத்தை இலங்கைக்குக் கொண்டுவந்தார். 1991-இல் அது தேசிய விளையாட்டாயிற்று. அதற்கு முதல் வருசம்தான் போரால் வலிகாமம் வடக்கின் பெரும்பகுதி இடம்பெயர்ந்தது. யாழ். குடாநாட்டில் மின்சாரம் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட காலம். அந்த அறிவிப்பை எங்களில் எத்தனை பேர் கேட்டிருப்போம்! ஆட்டத்துக்குப் பட்டம் கிடைத்தது. ஆடுகிறவருக்குப் படி கிடைக்கவில்லை.

ஆட்டக்காரரைக் காப்பாற்றுவது உத்தியோகம்தான். 1964-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற யப்பானியப் பெண்களில் அநேகர் நூல் ஆலைத் தொழிலாளர். காலையில் வேலை, பின்னேரம் தொடக்கம் பயிற்சி. இலங்கையிலும் வழி அதுதான். ஆனால் தேசிய மட்டத்தில் முன்னுக்கு நிற்கும் அணிகளை எண்ணிப் பாரும்: விமானப்படை, தரைப்படை, கடற்படை. தேசிய விளையாட்டுக்கு அரசாங்கம் கொடுக்கும் பெரிய உதவி சீருடையாக வருகிறது. வேறு மாவட்டத்துப் பிள்ளைக்கு அது நல்ல உத்தியோகம். காணியில் பாதி இன்னும் படையினரின் முள்ளுக்கம்பிக்கு அங்காலே கிடக்கிற வீட்டில், கோப்பையைத் தள்ளிவைக்க வைக்கும் உத்தியோகம். உமது அப்பாவிலும் பிழையில்லை, ஆட ஆசைப்படும் உம்மிலும் பிழையில்லை.

துறைமுக அதிகார சபைக்கும் பலமான அணி இருக்கிறது. அங்கே துவக்குத் தூக்கத் தேவையில்லை. துறைமுகத்துக்கு ஏலுமென்றால் மின்சார சபைக்கும், அரச வங்கிக்கும், வட மாகாணக் கல்வித் திணைக்களத்துக்கும் ஏன் ஏலாது? புன்னாலைக்கட்டுவன் உமக்குச் சைக்கிளில் போகிற தூரம். அங்கிருந்து போன தர்ஜினி சிவலிங்கம் வலைப்பந்தில் 2009-இலும் 2018-இலும் ஆசியக் கிண்ணம் வென்ற இலங்கை அணியில் நின்றவ. கொழும்பில் அவ ஆடியது ஒரு வங்கியின் அணிக்கு. வங்கி மேசையும் பிள்ளையை ஆசியாவுக்குக் கொண்டுபோகும்.

“திறமை இருந்தால் தானாக மேலே வரும், அரசாங்கம் எதுக்கு?” என்று கேட்பவர்கள் உண்டு. பெரியவிளான் எதிர்வீரசிங்கத்தைக் காட்டுவார்கள். 1958-இல் டோக்கியோவில் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து இலங்கைக்கு ஆசிய விளையாட்டில் முதல் தங்கம் எடுத்தவர். அப்போது விளையாட்டு அமைச்சே கிடையாது, அது 1966-இல்தான் வந்தது. உண்மை. ஆனால் அவருக்குப் பிறகு எத்தனை எதிர்வீரசிங்கங்கள் தோட்டத்துக்கு இறைக்கப் போனார்கள் என்று ஆர் கணக்கெடுத்தது?

இப்போது கழகங்களைத் தாங்குவது வெளிநாட்டுக் காசு. ரொறன்ரோவிலிருந்து ஜேர்சி, லண்டனிலிருந்து ஆற்றையோ ஞாபகார்த்தக் கிண்ணம், சுவிசிலிருந்து விளக்கு. நன்றி கெட்டவனாகக் கதைக்கவில்லை. அந்தக் காசு இல்லாவிட்டால் பல மைதானங்களில் பற்றைதான் வளர்ந்திருக்கும். ஆனால் அது சொந்தக்காரரைத் தேடி வருகிற காசு. வெளியில் ஒருவரும் இல்லாத குறிச்சிக்கு அது வராது. எங்கள் ஊர்களில் கோயில் எப்படிப் பிரிந்து கிடக்கிறதோ கழகமும் அப்படித்தான் என்பது உமக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு குறிச்சிப் பிள்ளையும் மற்றக் குறிச்சிப் பிள்ளையும் ஒரே ஜேர்சி போடுகிற இடங்கள் பாடசாலை அணியும் பிரதேச அணியும்தான். இரண்டும் அரசாங்கக் காசில் ஓடுகின்றன. பதக்கத்தை விட எனக்கு இந்த ஒரு பயன் பெரிது.

மேடையில் “விளையாட்டு போதையை ஒழிக்கும்” என்று கிண்ணம் கொடுக்க வருகிறவர் எல்லாரும் பேசுகிறார்கள். வருசத்துக்கு ஒருக்கா நடக்கும் சுற்றுப்போட்டி ஒன்றையும் ஒழிக்காது. அன்றிரவே மைதானத்துப் பின்பக்கம் போத்தல் கிடக்கும். ஐஸ்லாந்தில் 15, 16 வயதுப் பிள்ளைகளில், முந்திய ஒரு மாதத்துக்குள் வெறிக்கக் குடித்தவர்கள் 1998-இல் 42 வீதம், 2016-இல் 5 வீதம். பெற்றோரின் கண்காணிப்பும் இரவுக் கட்டுப்பாடும் அதில் ஒரு பங்கு. இன்னொரு பங்கு, கிழமை முழுக்கப் பயிற்றுவிப்பாளர் ஒருவர் நின்றது. தலைநகரின் மாநகரசபை பிள்ளையின் பெயருக்கே கழகச் சந்தாவைக் கட்டியது.

ஆகவே கட்டடம் கேட்காதேயும். கட்டடம் கேளாமலே வரும். நாடா வெட்டலாம், படம் எடுக்கலாம். 2025 செப்டெம்பரில் மண்டைதீவில் சர்வதேசக் கிரிக்கெட் மைதானத்துக்கு சனாதிபதி அடிக்கல் வைத்தார். சதுப்பு நிலத்தில் அதைக் கட்டுவது சரியா என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். உமக்குத் தேவையானது சிறியது: கிழமையில் மூன்று பின்னேரம் சம்பளத்தோடு நிற்கும் பயிற்றுவிப்பாளர், கொழும்புக்குப் போய்வர பஸ் காசு, ஆளுக்கு இரண்டு முட்டை, செம்மண்ணின் நிறத்துக்கு மாறித் தோல் உரியாத ஒரு மிகாசா பந்து. ஒழுங்கை முகப்பில் ஒரு விளக்கும் கேளும். ரியூசன் முடிந்து வருகிற பிள்ளைகளும் அந்த வெளிச்சத்தில்தான் வருவார்கள்.

உதவி என்று வந்து தலையிடவும் செய்வார்கள். 2023-இல் ஒரே வருசத்தில் உதைபந்தாட்டத்திலும் கிரிக்கெட்டிலும் இலங்கையைச் சர்வதேச சம்மேளனங்கள் இடைநிறுத்தின. வெளித் தலையீடு என்பதுதான் காரணம். கிரிக்கெட்டில் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணம் இங்கிருந்து தென்னாபிரிக்காவுக்குப் போயிற்று. கழகத்துக்குத் தலைவர் ஆர் என்று அரசியல்வாதி சொன்னால் பந்தைத் திருப்பிக் கொடுத்துவிடும்.

ஆட்டத்தைப் பற்றியும் ஒன்று. ஊர்ச் சுற்றுப்போட்டிகளில் ஓவர் கேம் என்கிற எங்கள் ஊர் முறையும் நடக்கிறது. எனக்கும் அதில்தான் பிரியம். ஆனால் தேசிய மட்டத்தில், செற்றர் பந்தைத் தூக்கிக் கொடுக்கிற செற்றப் கேம்தான். உமது விரல் பந்தை விடும் விதம் நல்லது. பந்து வரும் முன்பே எந்தப் பக்கம் தூக்கப்போகிறீர் என்று உமது தோள் சொல்லிவிடுகிறது. அதைத் திருத்தும்.

இனி, கழகத்தின் பதிவைப் புதுப்பித்திருக்கிறார்களா என்று பாரும். பதிவில்லாத கழகத்துக்கு ஒரு சதமும் எடுக்க முடியாது. தெல்லிப்பழைப் பிரதேச செயலகத்தில் விளையாட்டு உத்தியோகத்தரிடம் நீரே நேரில் போம். தலைவர் அண்ணையைக் கூட்டிக்கொண்டு போனால் அவர் மதில் கேட்டுவிடுவார். பெண்கள் அணியின் தேவையைத் தனிக் கடிதமாக எழுதும். இரண்டு பிரதி எடுத்து, உமது பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்கிக்கொள்ளும்.

அன்புடன்,
பழைய செற்றர் ஒருவர்