சத்தமில்லாத செயினும் ஒரு எக்செல் ஷீட்டும்

சென்ற மாதம் என் பைக் இன்ஜினில் 'கடகட' சத்தம். தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் வழியாக சோழிங்கநல்லூர் அலுவலகத்திற்கு தினமும் ஓடும் வண்டி அது. சேலையூர் மெக்கானிக், "டைமிங் செயின் டென்ஷனர் போயிடுச்சு தம்பி, மாத்துனா போதும்" என்றார். மாற்றினோம். சத்தம் நின்றது, பிக்கப் மட்டும் திரும்பவில்லை. நான் படித்தது மெக்கானிக்கல், பார்ப்பது சாஃப்ட்வேர் வேலை. எனவே எக்செல்லைத் திறந்தேன்.

பழைய புல்லட்டில் இந்த செயினே கிடையாது; பற்சக்கரமும் புஷ்ராடும்தான். நம் பக்கத்து ஒரகடத்தில் தொழிற்சாலை வைத்திருக்கும் ராயல் என்ஃபீல்டு 2020ல் கொண்டுவந்த மீட்டியோர் 350ல் கேம் ஷாஃப்ட் மேலே போய்விட்டதால் செயின் தேவைப்பட்டது.

சாதாரண ரோலர் செயினில் ஒவ்வொரு உருளையும் ஸ்பிராக்கெட் பள்ளத்தில் 'டக்' என்று விழும். வட்டத்திற்குப் பதில் பலகோணத்தில் சுற்றுவதால் வேகமும் ஏறி இறங்கும். எவ்வளவு? 180ஐ பற்களின் எண்ணிக்கையால் வகுத்து, அதன் கோசைனை 1லிருந்து கழியுங்கள். 11 பல்லுக்கு 4 சதவீதம், 17க்கு 1.7 சதவீதம். எக்செல்லின் காஸ் ஃபங்ஷன் டிகிரியை ஏற்காது. ரேடியன்ஸ் ஃபங்ஷனில் மாற்றிக் கொடுக்கவும். நான் மறந்துவிட, 11 பல்லுக்கு 179 சதவீதம் என்று வந்து நின்றது!

சைலண்ட் செயினில் உருளை இல்லை. இரண்டிரண்டு பற்கள் கொண்ட மெல்லிய தகடுகளை அடுக்கி, பின்களால் கோத்திருப்பார்கள். தகட்டின் சரிவு ஸ்பிராக்கெட் பல்லின் சரிவில் மெல்ல வழுக்கி உட்காரும். அதனால்தான் சத்தம் குறைவு. மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்டு 1895லேயே செய்த யோசனை இது.

தேய்மானம் எங்கே? தகடு இழுபட்டு நீள்வதில்லை. பின்னும் அதன் துளையும் தேய்கின்றன. அழுக்கு ஆயிலில் உள்ள கரித்துகள் உப்புத்தாள் போல வேலை செய்யும். (ஆயில் மாற்றுவதை இருமுறை தள்ளிப்போட்டவன் நான்.) என் செயினைக் கழற்றி இழுத்துப் பிடித்து வெர்னியரில் அளந்தேன். பிட்ச் 6.35 மி.மீ. பத்து பிட்சுக்கு 63.5 வரவேண்டும். வந்தது 64.2. அதாவது 1.1 சதவீதம்.

இப்போது முக்கியமான கணக்கு. கிராங்க் கேமை இழுக்கும் பக்கத்தில் செயின் நீளம் 150 மி.மீ. அது 1.1 சதவீதம் நீண்டால் 1.65 மி.மீ. கேம் ஸ்பிராக்கெட் 34 பல், சுற்றளவு சுமார் 216 மி.மீ. 1.65ஐ 216ஆல் வகுத்து 360ஆல் பெருக்கினால் 2.75 டிகிரி. கிராங்க் இருமுறை சுற்றினால்தான் கேம் ஒருமுறை சுற்றும் என்பதால், கிராங்க் கணக்கில் வால்வுகள் 5.5 டிகிரி தாமதம். டென்ஷனர் இருப்பது தளர்ந்த பக்கத்தில். அது தொய்வை விழுங்கி சத்தத்தை நிறுத்தும். இழுக்கும் பக்கத்தின் நீளத்தைக் குறைக்காது.

ஷீட்டைக் காட்டியதும் மெக்கானிக் சிரித்தார். செயினோடு இரண்டு ஸ்பிராக்கெட்டையும் மாற்றினோம். தேய்ந்த பல்லில் புது செயின் போட்டால் அதுவும் சீக்கிரம் போய்விடும். உங்கள் வண்டிக்கான தேய்மான வரம்பை அதன் சர்வீஸ் மேனுவலில் பார்த்துக்கொள்ளவும். பிக்கப் திரும்பிவிட்டது. ஷீட்டில் ஆயில் மாற்றிய கிலோமீட்டருக்கும் ஒரு நெட்டு வரிசை சேர்த்திருக்கிறேன்.